மார்க்ராட்டனில் குழி வெட்டியவர்களின் கதையைத் திரும்ப வையுங்கள்: அமெரிக்கப் போர் நினைவிட ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

நெதர்லாந்தின் மார்க்ராட்டன் கிராமத்தில் நீங்கள் பராமரித்துவரும் அமெரிக்கப் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தின் பார்வையாளர் நிலையத்தில், ஆபிரிக்க அமெரிக்க வீரர்களைப் பற்றி 2024 இல் வைக்கப்பட்ட இரண்டு விளக்கப் பலகைகள் இவ்வாண்டு வசந்த காலத்தில் ஓசையின்றி அகற்றப்பட்டன. அதைப் பல மாதங்கள் கழித்துச் செய்தித்தாளில் படித்து அறிந்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பலகை, இன ஒதுக்கல் நிலவிய படையில் சேர்ந்து, ஒருபுறம் ஹிட்லரின் படைகளோடும் மறுபுறம் சொந்த நாட்டின் ஒதுக்கலோடும் கறுப்பின வீரர்கள் போராடிய வரலாற்றைச் சொன்னது. மற்றையது, நீரில் மூழ்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரைக் காப்பாற்றப் போய் 1945 இல் 23 வயதில் உயிர்விட்டு, இதே மண்ணில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஜோர்ஜ் எச். புரூவிட் என்ற வீரரின் கதையைச் சொன்னது. புரூவிட்டின் பலகை இப்போது காட்சியில் இல்லாவிட்டாலும் சுழற்சியில் இருக்கிறது என்றும், மற்றது விலக்கிக்கொள்ளப்பட்டது என்றும் நீங்கள் இங்குள்ள ஊடகங்களுக்குச் சொன்ன பதிலையும் படித்தேன். அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்த மடலின் ஆங்கிலப் பிரதியை உங்கள் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், ஐரோப்பாவில் அடைக்கலம் பெற்று வாழும் என் மக்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான். நாங்கள் அச்சமின்றிப் படுத்துறங்கும் இந்த நாட்டை மீட்டெடுத்ததில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்பது எங்களில் பலருக்கு இன்னமும் தெரியாது.

நான் அமெரிக்கக் குடிமகள் இல்லை. 1991 இல் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து அகதியாக வந்து, தெற்கு லிம்பேர்க்கில் குடியேறியவள். மார்க்ராட்டன் இருப்பதும் இதே பகுதியில்தான். எனக்கு டச்சு மொழி கற்றுத் தந்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. என் பிள்ளைகள் அவரை இந்நாட்டு வழக்கப்படி ஓமா, அதாவது பாட்டி, என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மார்க்ராட்டனில் உள்ள கல்லறைகளில் ஒன்றை ஓமாவின் குடும்பம் 1945 இலிருந்து தத்தெடுத்துப் பேணி வருகிறது. அங்கே ஏறக்குறைய 8,300 கல்லறைகள் உள்ளன. அத்தனையையும் இப்பகுதி மக்கள் தத்தெடுத்திருக்கிறார்கள் என்பதும், புதிதாகத் தத்தெடுக்க விரும்புவோர் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. ஓமாவால் நெடுந்தூரம் நடக்க முடியாமல் போன பிறகு, கடந்த எட்டு ஆண்டுகளாக அவருக்காகப் பூக்கொத்தை நான்தான் கொண்டு போகிறேன்: மே மாத நினைவு நாளில், நத்தாருக்கு முதல் நாள், நவம்பர் 2 ஆம் திகதி இறந்தோர் திருநாளில். அந்த நவம்பர் நாளில் எங்கள் ஊரிலும் குடும்பம் குடும்பமாகச் சேமக்காலைக்குப் போய், புல்லைப் பிடுங்கி, சிலுவைக்கு வெள்ளை அடித்து, மெழுகுதிரி ஏற்றுவோம். ஆகவே இந்த வேலை எனக்குப் புதிதாகத் தோன்றியதே இல்லை.

ஓமாவின் குடும்பம் பேணும் கல்லறையில் இருப்பவர் வெள்ளை இனத்தவர். அவருடைய தாய் அனுப்பிய புகைப்படம் ஓமாவின் அலுமாரியில் இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி ஓமா பேசத் தொடங்கினால், பேச்சு எப்போதும் வேறு சிலரிடம் போய்த்தான் நிற்கும்.

1944 செப்டெம்பரில் தெற்கு லிம்பேர்க் விடுவிக்கப்பட்டபோது ஓமாவுக்கு எட்டு வயது. அந்த இலையுதிர் காலம் முழுவதும் மழை விடவில்லை. நவம்பரில் மார்க்ராட்டனின் வயல்வெளி கல்லறை நிலமாக மாறியது. ஒரு நாள் பின்னேரம் கறுப்பின வீரர்கள் நான்கு பேர் அவர்கள் வீட்டுப் பின்கதவடியில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். முழங்கால் வரை மஞ்சள் களிமண். ஓமாவின் தாய் உள்ளே வரச் சொன்னார். அவர்கள் அசையவில்லை. இரண்டாம் தடவை கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். கதிரையில் இருக்கச் சொன்னபோது மறுபடியும் தயங்கி, கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். சிக்கரிக் கோப்பி கொடுத்தார்கள். அதை வாங்கிய ஒருவர் கோப்பையின் காதைப் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்துக்கொண்டார். விரல்களை மடக்க முடியாதபடி கை முழுவதும் கொப்புளம் கிளம்பி உடைந்திருந்தது. ஓமாவின் தாய் பன்றிக் கொழுப்பைச் சுடவைத்துத் துணியில் தடவி அந்தக் கைகளைச் சுற்றிக் கட்டினார். பாண் வெட்டி வைத்ததை ஒருவரும் தொடவில்லை. “கோப்பி மட்டும்தான் குடித்தார்கள், பிள்ளை. ஏன் சாப்பிடவில்லை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை” என்று ஓமா சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் சற்று நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்.

அவர்கள் ஏன் சாப்பிடவில்லை என்பது பின்னர் வரலாறாகத் தெரியவந்தது. மார்க்ராட்டனில் குழி வெட்டும் வேலை, முழுக்க முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட 960 ஆவது குவாட்டர்மாஸ்டர் சேவைக் கொம்பனி என்ற, படையின் வழங்கல், உடலுழைப்பு வேலைகளுக்கான பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மண்வெட்டியும் பிக்காசும்தான் கருவிகள். சவப்பெட்டி கிடையாது. போர்முனையிலிருந்து லொறிகளில் வந்துகொண்டே இருந்த உடல்களை அந்த இளைஞர்கள் தம் கையால் இறக்கி, நீர் ஊறிய களிமண்ணில் குழி வெட்டி, ஒவ்வொன்றாக அடக்கம் செய்தார்கள். அவர்களில் ஒருவரான ஜெபர்சன் விக்கின்ஸ், அலபாமாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தவர். மார்க்ராட்டனுக்கு வந்தபோது அவருக்கு வயது 19. பின்னாளில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், இங்கே தான் செய்த வேலையைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாய் திறக்கவில்லை. 2009 இல் இதே இடத்துக்குத் திரும்பி வந்து பேசிய பிறகுதான் இப்பகுதி மக்களில் பெரும்பாலோருக்கு, தாங்கள் பூ வைக்கும் குழிகளை வெட்டியவர்கள் யார் என்பதே தெரிய வந்தது. அவர் 2013 இல் காலமானார். வேறு சாட்சிகள் இனி வரப்போவதில்லை.

அந்த வீரர்கள் எந்தப் படையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முகாமும் உணவுக் கூடமும் வேறு. காயப்பட்டவர்களுக்குச் செலுத்துவதற்காகப் பெறப்பட்ட இரத்தத்தைக்கூட வெள்ளையருடையது, கறுப்பினத்தவருடையது என்று பிரித்து வைத்தார்கள். அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள்தான், தங்களோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிராத வெள்ளை இளைஞர்களின் உடல்களைத் தூக்கி, இறுதி மரியாதையுடன் மண்ணில் வைத்தார்கள். அதனால்தான் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சமையலறையில் கதிரையில் இருப்பதற்கே அவர்கள் அத்தனை தயங்கினார்கள்.

இங்கே நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உங்கள் கல்லறைகளில் எந்த வேறுபாடும் இல்லை. எல்லாம் ஒரே வெண்சலவைக்கல். சிலுவை, அல்லது தாவீதின் நட்சத்திரம். பெயர், பதவித்தரம், படைப்பிரிவு, மாநிலம், இறந்த நாள். அவ்வளவுதான். தளபதிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல். இந்தச் சமத்துவத்தை நான் மதிக்கிறேன். மழையில் நனைந்த அந்தக் கற்களைக் கைத்துணியால் துடைக்கும்போதெல்லாம் அதை நினைத்து என் நெஞ்சு நிறைந்திருக்கிறது. ஆனால் அந்தச் சமத்துவம் அவர்களுக்கு இறந்த பிறகு கிடைத்தது. அங்கே உறங்கும் ஏறத்தாழ 170 கறுப்பின வீரர்கள் உயிரோடு இருந்தபோது அது அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதை அந்தக் கல் சொல்லாது, சொல்லவும் முடியாது. அதைச் சொன்ன ஒரே இடம் அந்தப் பலகைதான். பலகையை எடுத்துவிட்டால், அவர்கள் வாழ்ந்தபோதும் இப்படித்தான் வரிசையில் சமமாக நின்றார்கள் என்று நம்பிக்கொண்டே பார்வையாளர் வெளியே போவார். கல் உண்மையாக இருக்க வேண்டுமானால் பலகை அருகில் இருந்தாக வேண்டும்.

வில்லி எஃப். ஜேம்ஸின் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்ராட்டனில் பொன்னெழுத்துப் பொறித்த கற்கள் மிகச் சில. அமெரிக்காவின் அதியுயர் வீர விருதான மெடல் ஒப் ஹானர் பெற்றவர்களின் கற்கள் அவை. 104 ஆவது காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் லிப்போல்ட்ஸ்பெர்க் அருகே, எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே முன்னே சென்று நிலைகளை அறிந்து வந்து, தன் பிளட்டூன் அதிகாரி சுடப்பட்டு விழுந்தபோது அவருக்கு உதவப் போன இடத்தில் தானும் சுடப்பட்டு இறந்தார். அந்த விருது அவருக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1997. இடையில் 52 ஆண்டுகள். இரண்டாம் உலகப் போருக்காக நானூறுக்கும் மேற்பட்டோருக்கு அவ்விருது கொடுக்கப்பட்டிருந்தும், கறுப்பின வீரர் ஒருவருக்கேனும் அதுவரை கொடுக்கப்பட்டிருக்கவில்லை. பின்னர் நடந்த ஆய்வின்பேரில் 1997 ஜனவரி 13 அன்று ஏழு பேருக்கு வழங்கப்பட்டபோது, அதைத் தன் கையால் வாங்க உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவர் மட்டுமே. இன ஒதுக்கலைப் பற்றிப் பேசாமல் இந்த 52 ஆண்டுகளை உங்கள் வழிகாட்டிகள் எப்படி விளக்குவார்கள்? பொன்னெழுத்தைக் காட்டிவிட்டு, அது ஏன் இவ்வளவு காலம் தாழ்ந்து வந்தது என்று கேட்கும் பாடசாலைப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வார்கள்?

மார்க்ராட்டனிலிருந்து எல்லை தாண்டினால் பெல்ஜியத்தில் உங்கள் பராமரிப்பிலேயே ஆன்றி-ஷப்பெல் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1944 டிசெம்பர் 17 அன்று வேரத் என்ற சிற்றூரில் நாஜி எஸ்.எஸ். படையினரால் சித்திரவதை செய்து கொல்லப்பட்ட, 333 ஆவது பீரங்கிப் படைப்பிரிவைச் சேர்ந்த பதினொரு கறுப்பின வீரர்களில் ஏழு பேர் அங்கே உறங்குகிறார்கள். போரில் நடந்த படுகொலைகளைப் பற்றி 1949 இல் அமெரிக்க செனட் குழு வெளியிட்ட அறிக்கையில் வேரத் இடம்பெறவில்லை. அவர்களுக்கு முதல் நினைவுச் சிலுவையை 1994 இல் நாட்டியவர், அவர்களுக்கு அன்று வீட்டைத் திறந்து உணவு கொடுத்த பெல்ஜியக் குடும்பத்தின் மகன். அரசு மறந்ததை ஒரு விவசாயக் குடும்பம் ஐம்பது ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்தது.

உங்கள் ஆணையம் 1923 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜெனரல் ஜோன் பெர்ஷிங், ஒரு காலத்தில் பத்தாவது குதிரைப்படை என்ற கறுப்பினப் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தவர். அவர் தந்த வாசகத்தை நீங்கள் இன்றும் உங்கள் முகப்பு வாசகமாக வைத்திருக்கிறீர்கள்: அவர்களுடைய செயல்களின் புகழைக் காலம் மங்கச் செய்யாது. 1930 இலிருந்து 1933 வரை, முதலாம் உலகப் போரில் இறந்து ஐரோப்பாவில் அடக்கமான வீரர்களின் தாய்மாரையும் மனைவியரையும் கல்லறைகளைப் பார்த்துவர அமெரிக்க அரசு தன் செலவில் அழைத்து வந்தது. கறுப்பினத் தாய்மாரை மட்டும் பிரித்து, வசதி குறைந்த வேறு கப்பல்களில் ஏற்றியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு வேறு கப்பல்! பலர் அந்த அவமதிப்பை ஏற்காமல் பயணத்தையே மறுத்தார்கள். மகனின் கல்லறையைக் கண்ணால் காணாமலே இருந்துவிடலாம், ஆனால் அந்தக் கப்பலில் ஏறக்கூடாது என்று ஒரு தாய் முடிவெடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று ஒரு தாயாக நான் யோசித்துப் பார்க்கிறேன். உங்கள் கல்லறைத் தோட்டங்களின் வரலாற்றில் இதுவும் ஒரு பகுதி. மூடி மறைத்தால் இல்லாமல் போய்விடாது.

மார்க்ராட்டனின் பலகைகள் அமெரிக்காவைக் குறைகூறும் நோக்கத்தை வளர்ப்பதற்கானவை அல்ல என்று, அகற்றியதற்கு ஆதரவாக, இந்நாட்டுக்கான உங்கள் தூதர் எழுதியிருந்தார். நான் அந்த இரண்டு பலகைகளையும் நின்று படித்தவள். அவற்றில் அமெரிக்காவைப் பழிக்கும் சொல் எதையும் நான் காணவில்லை. தன்னைச் சமமாக நடத்தாத நாட்டுக்காகவும் கடல் கடந்து வந்து, முன்பின் அறியாத எங்கள் அயலவர்களை விடுவித்த மனிதரின் பெருந்தன்மையைத்தான் கண்டேன். அதைப் படித்துவிட்டு வெளியே வந்தபோது அமெரிக்கா மீது எனக்கு மதிப்புக் கூடியது. தன் பிழையைத் தானே சுவரில் எழுதி வைக்கும் துணிவு எத்தனை நாடுகளுக்கு இருக்கிறது? நான் பிறந்த நாட்டுக்கு அது இன்றுவரை வாய்க்கவில்லை. என் சித்தப்பா 1990 இல் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருக்குச் சேமக்காலையில் ஒரு சிலுவையும் பெயரும் இருக்கின்றன. கீழே உடலும் இல்லை, என்ன நடந்தது என்று சொல்ல ஒரு வரியும் இல்லை. பெயர் மட்டும் போதாது என்பதை நான் அங்கே கற்றுக்கொண்டேன்.

பலகைகள் வைக்கப்படுவதற்கு முன், பூ வைத்துவிட்டு நான் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் ஓமா கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அந்தப் பையன்களைப் பற்றி ஏதும் எழுதி வைத்திருக்கிறார்களா?” இல்லை என்பேன். 2024 இல் ஆம் என்று சொன்னேன். கைப்பேசியில் எடுத்து வந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பார்வை மங்கிவிட்டதால் எழுத்து பிடிபடவில்லை. முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்து முடித்ததும், தன் தாயின் சமையலறையில் அந்த வீரர் கோப்பையை வைத்திருந்ததைப் போலவே கைப்பேசியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவருக்குச் செய்தித்தாளை வாசித்துக் காட்டுபவளும் நான்தான். பலகைகள் அகற்றப்பட்ட செய்தி வந்த நாளில் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் புரட்டிவிட்டேன். 34 ஆண்டுகளில் அவரிடம் நான் மறைத்த முதற் செய்தி அது.

ஆகவே என் கோரிக்கைகளை ஐயத்துக்கு இடமின்றி எழுதுகிறேன். இரண்டு பலகைகளையும், சொற்களில் மாற்றமின்றி, முன்பு இருந்த இடத்திலேயே மீண்டும் வையுங்கள். புரூவிட்டினது ஒன்றை மட்டும் சுழற்சி என்ற பெயரில் சில மாதம் காட்டிவிட்டு எடுப்பதை நான் மீள வைப்பதாகக் கருத மாட்டேன். அவற்றை அகற்றும் முடிவை எடுத்தவர்கள் யார், எந்த நாளில், எந்தக் காரணத்துக்காக எடுத்தார்கள் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். ஐஸ்டன்-மார்க்ராட்டன் நகரபிதா உங்களுக்கு எழுதியிருக்கிறார். இந்த ஊர் மக்கள் எண்பது ஆண்டுகளாக உங்கள் வீரர்களைத் தம் பிள்ளைகளாகப் பேணி வருபவர்கள், அவர்களுக்கு விளக்கம் கேட்க உரிமை உண்டு.

960 ஆவது கொம்பனியின் பணி இனி எளிதில் கழற்றக்கூடிய பலகையில் மட்டும் இருக்கக்கூடாது. கல்லறைத் தோட்டத்தின் எல்லைக்குள், திறந்த வெளியில், கல்லில், இங்கே குழி வெட்டியவர்கள் இவர்கள் என்று பொறித்து வையுங்கள். வில்லி ஜேம்ஸின் விருது 52 ஆண்டுகள் தாமதித்ததற்கான காரணத்தை உங்கள் வழிகாட்டிகள் பார்வையாளருக்குத் தயக்கமின்றிச் சொல்ல அனுமதியுங்கள். ஆன்றி-ஷப்பெல்லில் வேரத் வீரர்களின் வரலாற்றுக்கு எந்தக் குறையும் நேராது என்று உறுதி கூறுங்கள். இனிமேல் எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் வீரர்களின் வரலாற்றைக் கூறும் பலகையை அகற்றுவதாயின், அந்த வீரரின் குடும்பத்துக்கும் கல்லறையைத் தத்தெடுத்தவருக்கும் உள்ளூர் நகரசபைக்கும் முன்கூட்டியே அறிவித்து, அவர்களுடைய கருத்தைக் கேட்ட பின்னரே முடிவெடுப்பது என்ற விதியை உருவாக்குங்கள்.

அடுத்த மே மாத நினைவு நாளுக்கு நான் வழமைபோல ஓமாவின் பூக்கொத்தோடு மார்க்ராட்டனுக்கு வருவேன். ஓமாவுக்கு இப்போது 89 வயது. அன்று திரும்பி வந்ததும் அவர் கேட்கும் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை அதற்கு முன்னர் எழுத்தில் எனக்கு அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
தெற்கு லிம்பேர்க்கில் வாழும் ஓர் ஈழத் தமிழ்ப் பெண்
2025 டிசெம்பர்